கறுப்புக் கட்டை, வெள்ளைச் சுவர்: விக்டோரியர்கள் கட்டிய டியூடர் வீடுகள்

லண்டனில் ஹாரோ, வெம்ப்ளி பக்கம் வசிக்கும் தமிழர்களுக்கு இந்த வீடு நன்றாகத் தெரியும். இரண்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். மேலே செங்குத்தான கூரை, அதன் முன்னால் முக்கோண முகப்பு. முகப்பின் வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்புக் கட்டைகள் நெட்டாகவும் குறுக்காகவும் சாய்வாகவும் ஓடும். வீட்டுத் தரகர் அதை 'மாக் டியூடர்', அதாவது போலி டியூடர் என்பார். பெரும்பாலும் 1920களிலும் 30களிலும் கட்டியவை. அந்தக் கட்டை எதையும் தாங்கவில்லை. செங்கல் சுவரில் அறைந்த பலகை, அவ்வளவுதான்.

அந்தப் பலகை எப்படி அங்கே வந்தது என்று கேட்டால் இரண்டு படி பின்னால் போக வேண்டும். ஒரு படி போனால் விக்டோரியா ராணியின் காலத்துப் பெரிய நாட்டுப்புற மாளிகைகள். இன்னொரு படி போனால் உண்மையான டியூடர் வீடுகள். இந்தக் கட்டுரை நடுப்படியைப் பற்றியது. ஆனால் கடைசிப் படியைப் பார்க்காமல் நடுப்படி புரியாது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

1485இல் ஏழாம் ஹென்றி முடிசூடியதிலிருந்து 1603இல் முதலாம் எலிசபெத் இறக்கும்வரை இங்கிலாந்தை ஆண்டது டியூடர் வம்சம். அந்தக் காலத்தில் நல்ல கல் கிடைக்காத பகுதிகளில் வீடு கட்டுவது முதலில் தச்சர் வேலை. பச்சை ஓக் மரத்தை அறுத்து, ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி, மற்றதில் துளை போட்டு, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, மர ஆணி அடித்து இறுக்குவார்கள். முதலில் தரையில் கிடத்தி அளவு பார்த்து, எந்தக் கட்டை எதோடு சேரும் என்று குறி வெட்டிவைத்து, அப்புறம்தான் தூக்கி நிறுத்துவார்கள். இன்றும் பழைய வீடுகளின் கட்டைகளில் அந்தக் குறிகளைப் பார்க்கலாம். கூரையின் பாரம், மாடியின் பாரம் எல்லாம் இந்தச் சட்டத்தின் வழியாகவே தரைக்கு இறங்கும். இடையில் உள்ள கட்டங்களில் மெல்லிய குச்சிகளை வரிச்சாகப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினால் சுவர் முடிந்தது. வரிச்சு கட்டி மண் அப்பிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை இருக்காது. அங்கே மூங்கில், இங்கே ஹேசல் குச்சி.

இந்த வகைச் சுவரை மரச்சட்டச் சுவர் என்று சொல்லலாம். இதில் நான் மிகவும் மதிக்கும் விஷயம், கண்ணுக்குத் தெரிவது எல்லாமே ஏதோ ஒரு வேலை செய்கிறது என்பதுதான். சாய்வாக ஓடும் கட்டை, சட்டம் பக்கவாட்டில் சரியாமல் பிடித்துக்கொள்கிறது. சன்னல் கண்ணாடி சின்னச் சின்னச் சில்லுகளாக, ஈயப் பட்டையில் கோத்ததாக இருக்கிறதே, அது அலங்காரத்துக்குச் செய்ததல்ல. அன்றைய கண்ணாடித் தொழிலாளர்களால் பெரிய கண்ணாடி ஊத முடியவில்லை, கிடைத்த கண்ணாடியும் விலை அதிகம். மேல்மாடி கீழ்மாடியைவிட வெளியே தள்ளி நிற்பதால் மாடியில் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்தது. புகைபோக்கிகள் ஏன் அவ்வளவு உயரம், ஏன் அவ்வளவு ஆடம்பரமாகத் திருகித் திருகிச் செங்கல் வேலை? அதற்கு முந்தைய தலைமுறைகள் கூடத்தின் நடுவில் நெருப்பு மூட்டி, புகையைக் கூரை வழியாக விட்டவர்கள். செங்கல் புகைபோக்கி வந்தபோது அது வசதியின் அடையாளம். வைத்திருப்பவர் ஊருக்குத் தெரியும்படிதான் வைப்பார்.

செஷயர் மாவட்டத்தில் உள்ள லிட்டில் மோர்டன் ஹால் இதற்கு நல்ல உதாரணம். 1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, ஒரே குடும்பத்தின் தலைமுறைகள் நூறு வருஷத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டிய வீடு. எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு நீண்ட கூடத்தை ஏற்றிவைத்தார்கள். அதன் பாரத்தில் கீழே உள்ள சட்டங்கள் வளைந்து நெளிந்து, வீடே ஒரு பக்கம் சாய்ந்து பேசுவதுபோல நிற்கிறது. இப்படி வளர்ந்த வீட்டில் இடமும் வலமும் ஒத்துப்போகாது. ஓர் இறக்கை தாத்தா கட்டியது, இன்னொன்று பேரன் கட்டியது. இந்த ஒழுங்கின்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டியூடர் வீடு என்றாலே நமக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் மனதில் வரும். ஆனால் டியூடர் காலத்து ஓக் கட்டைகள் பல இடங்களில் பூசாமலே விடப்பட்டு வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறமாகின. அல்லது சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டன. கட்டைக்குக் கறுப்புப் பூசிச் சுவரைப் பளீர் வெள்ளையாக்கும் வழக்கம் பெருமளவு 19ஆம் நூற்றாண்டில் பரவியது. அதாவது நாம் டியூடர் என்று நினைக்கும் முகத்தில் பாதி விக்டோரியர்கள் வரைந்தது.

சரி, விக்டோரியர்களுக்கு ஏன் இந்த ஆசை?

விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901வரை. ரயில், நீராவி இயந்திரம், நிலக்கரிப் புகை, ஆலைச் சங்கு என்று நாடே தலைகீழாக மாறிய காலம். அதற்கு முந்தைய நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாகப் பணக்காரர் வீடு என்றால் கிரேக்க, ரோமானியத் தூண்களும் இடம் வலம் பிசகாத முகப்பும்தான். அது இத்தாலியிலிருந்து கடன் வாங்கியது, நம்முடையது எங்கே என்ற கேள்வி எழுந்தது. 1834இல் லண்டன் பாராளுமன்றம் தீயில் எரிந்தபோது, புதிய கட்டடம் கோதிக் பாணியில் (கூர்முனை வளைவுகள் கொண்ட மத்தியகாலத் தேவாலயப் பாணி) இருக்க வேண்டும் அல்லது எலிசபெத் காலத்துப் பாணியில் இருக்க வேண்டும் என்று வடிவமைப்புப் போட்டிக்கு விதி போட்டார்கள். ஆங்கிலேயர்களின் சொந்தப் பாணி இவைதாம் என்று அரசே சொன்னதுபோல ஆயிற்று. அதோடு, ஆலைகளில் பணம் சம்பாதித்த புதிய செல்வந்தர்களுக்கு நாலைந்து தலைமுறையாக அதே மண்ணில் இருந்ததுபோன்ற ஒரு வீடு வேண்டியிருந்தது. இதைப் பகட்டு என்று மட்டும் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் இருந்தவர்கள், ராத்திரி திரும்பி வரும் இடம் கையால் செதுக்கியதாக இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அந்த விருப்பம் உண்மையானது.

இந்தப் பாணியைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கிராக்சைடைச் சொல்வேன். இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்து மாவட்டத்தில், ராத்பரி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் உள்ளது. வீட்டுக்காரர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். நியூகாசிலில் 1810இல் பிறந்து, வக்கீலாகத் தொடங்கி, பொறியாளராக மாறியவர். தண்ணீர் அழுத்தத்தில் இயங்கும் பாரந்தூக்கிகளைச் செய்தார். அப்புறம் பீரங்கிகள், போர்க்கப்பல்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்புக்கும் அவருடைய நிறுவனத்தின் ஆயுதங்கள் போயின. கிராக்சைடின் அழகைப் பேசும்போது இதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அந்த ஓக் பலகைகளுக்குப் பின்னால் பீரங்கிக் காசு இருக்கிறது.

1860களில் மலைச்சரிவில் விடுமுறைக்குத் தங்க ஒரு சின்ன வீடு கட்டினார். 1869இல் அதைப் பெரிதாக்க ரிச்சர்ட் நார்மன் ஷா என்ற கட்டடக் கலைஞரை அழைத்தார். விருந்தினர்கள் வேட்டைக்குப் போயிருந்த ஒரே பிற்பகலில் ஷா முழு வீட்டின் வரைபடத்தையும் போட்டுமுடித்தார் என்று ஒரு கதை உண்டு. வரைந்தது ஒரு பிற்பகல் என்றாலும் கட்டியது பதினைந்து வருஷம். ஆம்ஸ்ட்ராங்கும் மனைவியும் உள்ளே குடியிருக்க, வீடு அவர்களைச் சுற்றித் துண்டு துண்டாக வளர்ந்தது.

கீழே ஓடையின்மேல் உள்ள இரும்புப் பாலத்தருகே நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் கிராக்சைடைப் பார்க்கச் சரியான இடம். பாறைக்கு மேல் கல் சுவர், அதற்கு மேல் கோபுரம், பக்கத்தில் கறுப்பு வெள்ளை முக்கோண முகப்புகள், அவற்றுக்கும் மேலே கூட்டம் கூட்டமாகப் புகைபோக்கிகள். ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துப்போகவில்லை. சன்னல்கள் ஒரே வரிசையில் இல்லை. முதல் பார்வைக்குக் குழப்பமாகத் தோன்றும். கொஞ்ச நேரம் நின்றால் லிட்டில் மோர்டன் ஹாலில் பார்த்த அதே ஒழுங்கின்மை என்று தெரியும். நூறு வருஷத்தில் தானாக நேர்ந்ததை ஷா யோசித்து வரைந்தார். உள்ளே எந்த அறைக்கு எவ்வளவு இடம், எவ்வளவு வெளிச்சம் தேவையோ அதற்கேற்ப வெளிமுகம் உள்வாங்கியும் பிதுங்கியும் போகட்டும் என்று விட்டார். தூண் வைத்த மாளிகையில் முகப்பு முதலில், அறைகள் அதற்குள் அடங்க வேண்டும். இங்கே அறை முதலில். இந்தப் பாணி பின்னால் சாதாரண வீடுகள்வரை இறங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது நாம் கற்றுக்கொண்ட கேள்வியைக் கேட்கலாம்: இந்த மரம் பாரம் சுமக்கிறதா? கிராக்சைடைத் தாங்குவது கல். மரச்சட்டம் மேலே முகப்புகளில்தான் வருகிறது, முகத்துக்கு அழகாக. அதுவும் நார்தம்பர்லாந்து கல் வீடுகளின் ஊர். சாய்வுக் கட்டையும் வெள்ளைப் பூச்சும் தெற்கே கென்ட், சசெக்ஸ் பக்கத்து வழக்கம். ஷா அங்கேதான் பழைய வீடுகளைத் தேடிப்போய் வரைந்து பழகினார், சசெக்ஸில் லேஸ்வுட் என்ற மாளிகையும் கட்டியிருந்தார். அங்கே கற்றதை வடக்கே கொண்டுவந்து வைத்தார். அந்த மண்ணின் கட்டடக் கலை வழி பார்த்தால் இது பொருந்தாத ஒட்டு. கண்டிப்பான விமர்சகர்கள் அப்படிச் சொன்னதும் உண்டு. ஆனால் வீடு ஊசியிலைக் காட்டுக்கு நடுவே பாறையிலிருந்து முளைத்ததுபோல நிற்பதைப் பார்த்தபின் அந்தக் குறையை என்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் காடும் இயற்கையாக வந்ததில்லை. மொட்டை மலையாக இருந்த இடத்தில் லட்சக்கணக்கான மரங்களை நட்டவர் ஆம்ஸ்ட்ராங்.

உள்ளே போனால் இன்னும் சுவாரசியம். சாப்பாட்டு அறையில் ஓக் பலகை போர்த்திய சுவர். ஒரு பக்கம், கணப்பைச் சுற்றிச் சின்ன அறைபோலவே ஒரு கல் மாடம். நெருப்புக்கு இரு பக்கமும் உட்கார இருக்கை. அதன் பக்கவாட்டில், அக்காலத்து அலங்கார வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் நிறுவனம் செய்த வண்ணக் கண்ணாடி. கணப்பின் மேல் கல்லில் ஸ்காட்டிஷ் உச்சரிப்பில் ஒரு வாசகம் வெட்டியிருக்கிறது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் வீட்டைப் போல வராது என்பது அதன் பொருள். கூடத்தின் நடுவில் நெருப்பு வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்த அந்தப் பழைய வீட்டின் ஞாபகம்தான் இந்த மாடம். வீட்டின் முதல் பகுதிகளில் இந்த நெருக்கமும் இருட்டும் இதமும் இருக்கின்றன. 1884இல் வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் தங்க வந்தார்கள். அவர்களுக்காக முடித்த வரவேற்பு அறை வேறு சாதி: மேலே கண்ணாடிக் கூரை, ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சலவைக்கல் கணப்பு. ஷாவின் உதவியாளர் லெத்தபி வடிவமைத்தது. பத்து டன் எடை என்பார்கள். திறமையில் குறையில்லை. என்றாலும் எனக்குச் சாப்பாட்டு அறைதான் வீடு, இது மண்டபம்.

இதே வீட்டின் இன்னொரு பக்கத்தைச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். ஓடைகளை மறித்து ஏரிகள் அமைத்து, அந்தத் தண்ணீரின் வேகத்தில் ஆம்ஸ்ட்ராங் வீட்டை இயக்கினார். மாடிக்குப் போக லிஃப்ட், சமையலறையில் இறைச்சி சுடும் கம்பியைச் சுழற்ற இயந்திரம், எல்லாம் தண்ணீரில். 1878இல் நீர்மின்சாரத்தில் ஒரு பிரகாசமான ஆர்க் விளக்கு எரிந்தது. 1880இல் ஜோசப் ஸ்வான் கண்டுபிடித்த மின்குமிழ்களை நூலகத்தில் பொருத்தினார்கள். தன் சொந்த வீட்டைத் தவிர்த்தால், தன் விளக்குகள் முறையாகப் பொருத்தப்பட்ட முதல் வீடு இதுதான் என்று ஸ்வானே கருதினார். எலிசபெத் காலத்துச் சன்னல், அதற்குள் உலகத்தின் முதல் மின்விளக்குகளில் சில! விக்டோரிய டியூடர் வீட்டை இந்த ஒரு காட்சியில் புரிந்துகொள்ளலாம். பழங்காலத்துக்குத் திரும்பிப்போக யாரும் விரும்பவில்லை. புதிய வசதி அத்தனையும் வேண்டும், அதை மூடியிருக்கும் ஓடு பழசாக, பரிச்சயமானதாக இருக்க வேண்டும்.

இந்தப் பாணியின் கறுப்பு வெள்ளையை முழு வேகத்தில் பார்க்க வேண்டுமானால் வுல்வர்ஹாம்ப்டன் அருகே விட்டிக் மேனருக்குப் போகலாம். பெயிண்டும் வார்னிஷும் செய்த மாண்டர் குடும்பத்தின் வீடு. எட்வர்ட் ஓல்ட் என்ற கட்டடக் கலைஞர் 1887இல் முதல் பகுதியையும், 1893இல் இரண்டாம் பகுதியையும் கட்டினார். ஆறே வருஷ இடைவெளி. அதற்குள் கை எவ்வளவு தேர்ந்திருக்கிறது என்பதை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் பகுதியில் சிவப்புச் செங்கல் நிறைய, கட்டை வேலை குறைவு. இரண்டாவதில் செதுக்கிய கட்டைகள் சுவர் முழுக்க விளையாடுகின்றன, உள்ளே மத்தியகாலக் கூடத்தைப் போல உயரக் கூரை வைத்த பெரிய அறை ஒன்று. மோரிஸின் சுவர்த்தாள்களும் துணிகளும் இன்றும் அங்கே இருக்கின்றன.

1937இல் அந்தக் குடும்பத்தின் ஜெஃப்ரி மாண்டர் வீட்டை, பழைய கட்டடங்களையும் நிலங்களையும் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார். அப்போது அதற்கு வயது ஐம்பதுதான். அன்றைய ரசனைக்கு விக்டோரியக் கட்டடம் என்றாலே அசிங்கம், பாரம், இடிக்க வேண்டியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் எத்தனையோ நாட்டுப்புற மாளிகைகள் வாரிசு வரியாலும் வேலையாள் இல்லாமையாலும் இடிபட்டன. 1958இல் விக்டோரியக் கட்டடங்களைக் காக்க விக்டோரியன் சொசைட்டி என்ற அமைப்பு தொடங்கிய பிறகும்கூட, 1961இல் லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் புகழ்பெற்ற கல் வாயிலைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த இழப்புக்குப் பின்தான் பொதுமக்கள் மனம் மெல்ல மாறத் தொடங்கியது. கிராக்சைடு 1977இல் நேஷனல் டிரஸ்டின் கைக்கு வந்தது.

'பாதுகாக்கப்பட்ட கட்டடம்' என்ற சொல்லுக்கு இங்கிலாந்தில் சட்டப்படி ஒரு பொருள் இருக்கிறது. 1940களின் நகர்த் திட்டச் சட்டங்களில் தொடங்கிய ஏற்பாடு அது. கட்டடத்தைத் தேசியப் பட்டியலில் சேர்ப்பார்கள். மூன்று தரங்கள். மிகப் பெரும்பான்மை இரண்டாம் தரம், சிறுபான்மை இரண்டாம் தரத்துக்கு மேல் ஒரு நட்சத்திரம். நூற்றுக்கு இரண்டரைதான் முதல் தரம். கிராக்சைடும் விட்டிக்கும் முதல் தரத்தில் இருக்கின்றன. 1700க்கு முன் கட்டி, பெரிதாக மாறாமல் நிற்கும் கட்டடம் அநேகமாகத் தானாகவே பட்டியலுக்குத் தகுதி பெறும். 1850க்குப் பிந்தையவை ஏராளம் என்பதால் பொறுக்கித்தான் எடுப்பார்கள். ஆகவே ஒரு விக்டோரிய டியூடர் வீடு முதல் தரத்தில் இருக்கிறது என்றால், அது பழசைப் போல இருப்பதற்காகக் கொடுத்த மதிப்பு அல்ல. விக்டோரியர்கள் அதில் புதிதாகச் செய்ததற்குக் கொடுத்தது.

பட்டியலில் வந்துவிட்டால் முகப்பு மட்டும் பாதுகாப்பில் வருவதில்லை. உள் படிக்கட்டு, பதித்த பலகை, கணப்பு, கதவு எல்லாம் சேர்த்துத்தான். மாற்ற வேண்டுமானால் உள்ளூராட்சி மன்றத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் கைவைப்பது குற்றவியல் குற்றம். அதற்காக வீடு உறைந்துபோக வேண்டும் என்பதில்லை. கிராக்சைடில் மின்கம்பிகளை முழுதாக மாற்றி 2007இல் திறந்தார்கள். 2014இல் ஏரித் தண்ணீரில் சுழலும் ஆர்க்கிமிடீஸ் திருகு (பெரிய திருகாணி வடிவச் சுழலி) ஒன்றை வைத்து மறுபடி நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள்.

மரச்சட்டச் சுவரைப் பழுதுபார்க்கும்போது மக்கள் தெரியாமல் செய்யும் பெரிய தவறு சிமெண்ட். கட்டை ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கேற்ப வளைந்து கொடுக்கும், உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது. கட்டைக்கும் சிமெண்டுக்கும் நடுவே முடி அளவு விரிசல் விழுந்து, மழை உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் தங்கி, ஓக் உள்ளிருந்து இற்றுப்போகும். வெளியே பார்த்தால் பூச்சு புத்தம் புதிதாக இருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெயிண்டும் இதே வேலையைச் செய்யும். நானூறு வருஷம் நின்ற கட்டை நாற்பது வருஷச் சிமெண்டில் இற்றுவிடுகிறது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இந்தப் பாணி கடலும் தாண்டியது. நுவரெலியாவில் செங்கல்லால் கட்டிய தபால் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த முக்கோண முகப்புகள் நினைவிருக்கும். மலேசியாவின் கேமரன் மலையில் கறுப்பு வெள்ளைக் கட்டை வேலையோடு ஒரு பழைய விடுதி நிற்கிறது. குளிர்ந்த மலை கிடைத்த இடத்திலெல்லாம் ஊர் ஞாபகத்துக்கு இதைக் கட்டினார்கள்.

ஹாரோ வீட்டுக்கு வருவோம். ஷாவின் வரைபடங்களிலிருந்து பல கை மாறி, விலை குறைந்து, ரயில் பாதையோரப் புறநகருக்கு வந்து சேர்ந்ததுதான் உங்கள் வீட்டு முகப்பில் இருக்கும் பலகை. அந்த வீடுகள் பெரும்பாலும் பட்டியலில் இல்லை. ஆனால் 1967 சட்டத்துக்குப் பின் சில தெருக்கள் மொத்தமாகப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே வீட்டின் வெளிமுகத்தை மாற்ற அனுமதி தேவைப்படலாம். இற்றுப்போன பலகையைக் கழற்றிவிட்டுச் சுவரை மொழுமொழுவென்று பூசிவிடலாம் என்று கொத்தனார் சொன்னால், அவர் ஏணியை எடுத்து வருவதற்கு முன் உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் தெருப் பெயரைப் போட்டு ஒருமுறை பாருங்கள்.